மலையகத்தில் பைக் ஓட்டப் போகிறீர்களா? மலை ஏறும் முன் முடிக்க வேண்டிய வேலைகள்

ஏப்ரல் சீசனிலும் ஆகஸ்ட் விடுமுறையிலும் நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளைப் பக்கம் வெளிநாட்டு உறவுகளின் வரவு அதிகம். டொரொன்டோ, லண்டன், சென்னை, திருச்சி என்று பல ஊர்களிலிருந்து வருகிறார்கள். வந்து இரண்டு நாளில் வீட்டு வாசலில் நிற்கும் பைக் கண்ணில் படும். "எடுத்துட்டுப் போங்க தம்பி, டவுனுக்குத்தானே, யாரு கேக்கப் போறா" என்று மாமாவே சாவியை நீட்டுவார். பாசத்தில் சொல்வதுதான். ஆனால் இலங்கையில் செல்லுபடியாகும் லைசென்ஸ் இல்லாமல் நீங்கள் அந்த பைக்கை ஓட்டிப் பிடிபட்டால், நீங்கள் மட்டும் மாட்டுவதில்லை. லைசென்ஸ் இல்லாதவரிடம் வாகனத்தைக் கொடுப்பதும் இங்கே தனிக் குற்றம். மாமாவும் நீதிமன்றப் படி ஏற வேண்டும்.

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டுவதற்குக் குறைந்தபட்ச அபராதமே 25,000 ரூபாய். ஓட்டக் கொடுத்தவருக்கும் அதே அளவில்தான். வெளிநாட்டுப் பணத்தில் கணக்குப் பார்த்தால் இது சின்னத் தொகையாகத் தெரியலாம். தேயிலைத் தோட்டத்தில் இருக்கும் மாமாவுக்கு அப்படியில்லை. 2024 இல் அங்கே நாட்சம்பளத்தை 1,350 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். அந்தக் கணக்கில் 18 நாள் கொழுந்து பறித்தாலும் 25,000 வராது. அதனால்தான் இந்தக் கட்டுரையில் பத்திர வேலைகளைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இலங்கையில் அவற்றை முடிக்கும் இடங்கள் எல்லாம் கீழே கொழும்புப் பக்கத்தில் இருக்கின்றன. மலைக்கு வந்த பிறகு யோசித்தால், திரும்ப ஆறேழு மணி நேரம் இறங்கிப் போக வேண்டும்.

1. உங்கள் ஊர் லைசென்ஸில் பைக் இருக்கிறதா?

முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். ஆனால் பலரும் தவறவிடுவதும் இதுவே. "எனக்கு லைசென்ஸ் இருக்கு, இருபது வருஷமா ஓட்டுறேன்" என்பார்கள். ஓட்டியது காராக இருக்கும். கனடாவின் ஒன்டாரியோவில் ஜி வகை லைசென்ஸ் காருக்குத்தான். பைக்குக்கு எம் வகை வேண்டும். இந்திய லைசென்ஸில் எல்.எம்.வி. என்று மட்டும் இருந்தால் அதுவும் காருக்கு உரியது. கியர் வைத்த பைக்குக்கு எம்.சி.டபிள்யூ.ஜி. என்று இருக்க வேண்டும். பிரிட்டனிலும் கார் லைசென்ஸை வைத்துக்கொண்டு 125 சிசி ஸ்கூட்டரை எடுத்துப் போக முடியாது.

உங்கள் நாட்டில் எந்த வாகனம் ஓட்ட அனுமதி உண்டோ, அதற்கு மட்டும்தான் இங்கே அனுமதி கிடைக்கும். இலங்கையில் 100 சிசிக்கு உட்பட்ட பைக்குகள் ஏ1 வகை, அதற்கு மேற்பட்டவை ஏ வகை. "சின்ன ஸ்கூட்டி, அதுக்கெல்லாம் லைசென்ஸ் எதுக்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். வாடகைக்குக் கிடைக்கும் டியோ மாதிரி ஸ்கூட்டர்களே 110 சிசி அளவில் இருக்கின்றன. முச்சக்கரவண்டி வேறு வகை. பைக் லைசென்ஸை வைத்து ஓட்டோவைத் தொடக்கூடாது.

உங்கள் லைசென்ஸில் பைக் இல்லை என்றால், இந்தப் பயணத்தில் பைக் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பின்னால் உட்கார்ந்து போகலாம், ஓட்டோ பிடிக்கலாம், பஸ் இருக்கிறது, நானுஓயாவிலிருந்து எல்ல வரை ரயில் இருக்கிறது. இதற்குக் குறுக்குவழி இல்லை.

2. ஐ.டி.பி. சொந்த நாட்டிலேயே எடுக்க வேண்டும்

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தை எல்லோரும் சுருக்கமாக ஐ.டி.பி. என்பார்கள். இந்தியாவில் என்றால் உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அல்லது பரிவாகன் தளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 இந்திய ரூபாய், ஒரு வருடம் செல்லும். கனடாவில் சி.ஏ.ஏ. எனப்படும் கனடா ஆட்டோமொபைல் சங்கம் கொடுக்கிறது. பிரிட்டனில் பேபாயின்ட் வசதி உள்ள கடைகளில் 5.50 பவுண்டுக்குக் கிடைக்கும். அங்கே மூன்று வகை விற்பதால், இலங்கைக்கு 1949 ஒப்பந்த வகை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள்.

கையில் கிடைத்ததும் உங்கள் படம் ஒட்டிய கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே ஏ, பி, சி, டி, இ என்று ஐந்து வகை வாகனங்கள் வரிசையாக இருக்கும். ஏ என்பது மோட்டார் சைக்கிள், பி என்பது கார். உங்களுக்கு அனுமதியுள்ள வகைக்கு நேரே முத்திரை இருக்கும். ஏ எழுத்துக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தால், அந்தச் சாம்பல் நிறப் புத்தகம் பைக்குக்கு உதவாது. பொலிஸ் அதிகாரி முதலில் பார்க்கும் இடமும் அதுதான். முத்திரை விடுபட்டிருந்தால் கொடுத்த அலுவலகத்திலேயே அன்றே கேட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இணையத்தில் "மூன்று வருட சர்வதேச லைசென்ஸ்" என்று பளபளக்கும் அட்டை விற்கிறார்கள். அதற்குச் சட்ட மதிப்பு எதுவும் இல்லை, காசுக்குத்தான் கேடு. உங்கள் அரசாங்கமோ, அது அதிகாரம் கொடுத்த சங்கமோ தருவதுதான் ஐ.டி.பி. அதோடு அசல் லைசென்ஸையும் கட்டாயம் கொண்டுவாருங்கள். ஐ.டி.பி. தனியாகச் செல்லாது.

3. கொழும்பில் அங்கீகாரம்

ஐ.டி.பி. இருந்தால் போதும் என்று நினைத்து நேரே மலைக்கு வருகிறவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். இலங்கையில் அந்தப் புத்தகத்துக்கு உள்ளூர் அங்கீகாரம் வேண்டும். அதைக் கொடுப்பது இலங்கை ஆட்டோமொபைல் சங்கம். அலுவலகம் கொழும்பு 3 இல், காலிமுகத்திடலுக்குப் பக்கத்தில் சேர் மாக்கான் மாக்கார் மாவத்தையில் இருக்கிறது. பாஸ்போர்ட், அசல் லைசென்ஸ், ஐ.டி.பி. மூன்றையும் கொண்டுபோங்கள், இரண்டு படமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதியும் கையில் இருந்தால் அலைச்சல் இல்லை.

ஐ.டி.பி. இல்லாமல் ஊர் லைசென்ஸோடு மட்டும் வந்தவர்கள் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் தற்காலிக அனுமதிப்பத்திரம் கேட்கலாம். அந்த வேலை கொழும்பை அடுத்த வேரஹெர அலுவலகத்தில் நடக்கிறது. 2025 ஆகஸ்டில் கட்டுநாயக்க விமான நிலையத்திலும் இதற்கு ஒரு கவுன்டர் திறந்தார்கள். விமானம் இறங்கிய களைப்போடு தாளை வாங்கிப் பையில் போட்டுவிடாதீர்கள். எந்த வகை வாகனம் என்று அதில் எழுதியிருப்பதை நின்று வாசியுங்கள். காருக்கு மட்டும் கொடுத்த தாளை வைத்து பைக் ஓட்டினால், லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகத்தான் கணக்கு.

இந்த வேலைக்கு ஒரு வார நாளை ஒதுக்குங்கள். அன்று போயா (பௌர்ணமி) விடுமுறையா என்று நாட்காட்டியையும் பாருங்கள். சனிக்கிழமை காலையில் வந்திறங்கி, அன்று மாலையே ஹட்டனில் பைக் ஓட்டலாம் என்று திட்டம் போட வேண்டாம்.

4. வண்டியின் பத்திரங்கள்

சாவியை வாங்கும்போதே இரண்டு பத்திரம் கேளுங்கள்: ரெவனியூ லைசென்ஸ் எனப்படும் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதிச் சான்றிதழ். இரண்டிலும் திகதி முடிந்திருக்கக்கூடாது. வாகன இலக்கம் நம்பர் பிளேட்டோடு ஒத்துப்போக வேண்டும். காப்புறுதி இல்லாமல் ஓட்டுவதும் 25,000 ரூபாய்க் குற்றங்களில் ஒன்று. ஆகவே லைசென்ஸும் இல்லை, காப்புறுதியும் முடிந்துவிட்டது என்றால் இரண்டும் தனித்தனிக் குற்றம்.

காப்புறுதியில் முழுக் காப்புறுதி, மூன்றாம் தரப்புக் காப்புறுதி என்று இருக்கிறது. தோட்டப் பக்கம் பழைய பைக்குகளுக்குப் பெரும்பாலும் மூன்றாம் தரப்புத்தான் இருக்கும். அது நீங்கள் இடித்தவரின் இழப்புக்கு. வண்டிக்கும் உங்களுக்கும் ஒன்றும் வராது. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டினார் என்றால் காப்புறுதி நிறுவனம் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும். உங்கள் பயணக் காப்புறுதியும் பெரும்பாலும் அப்படித்தான்: அந்த வகை வாகனத்துக்கு லைசென்ஸ் இருந்ததா என்பதே ஆஸ்பத்திரிச் செலவு கேட்கும்போது வரும் முதல் கேள்வி.

எல்ல, நுவரெலியாவில் வாடகைக்கு எடுக்கிறவர்கள் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கொடுக்காதீர்கள். பிரதி கொடுங்கள், தேவையென்றால் முற்பணம் கட்டுங்கள். கடைக்காரர் லைசென்ஸே கேட்காமல் சாவியைக் கொடுத்தார் என்பதற்காக, ஓட்டுவது சட்டப்படி சரி என்றாகிவிடாது. வண்டியைச் சுற்றி வந்து கீறல், லைட், கண்ணாடி எல்லாவற்றையும் ஒரு வீடியோ எடுங்கள். பிரேக்கை அங்கேயே அழுத்திப் பாருங்கள். இரண்டு ஹெல்மட் கேளுங்கள். பின்னால் இருப்பவருக்கும் கட்டாயம். ஹெல்மட் இல்லையென்றால் தண்டப்பணம் 1,000 ரூபாய்.

5. பாதையைப் பற்றிக் கொஞ்சம்

வேக வரம்பு பைக்குக்கு ஊருக்குள் 50, வெளியே 70 கிலோமீட்டர். மலைப்பாதையில் 70 என்ற எண்ணையே மறந்துவிடுங்கள். றம்பொடை வழியாகக் கீழே இறங்கும் ஏ5 பாதையில் கொண்டைஊசி வளைவுகள் அடுத்தடுத்து வரும். கியர் பைக் என்றால் இரண்டாம் கியரில் இறங்குங்கள். ஸ்கூட்டரில் அப்படிப் பிடிக்க கியர் இல்லை, முழுச் சுமையும் பிரேக்கில்தான். விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும். இடையில் புசல்லாவையில் நிறுத்தி ஒரு தேநீர் குடித்து வண்டிக்கும் ஓய்வு கொடுங்கள். 2025 மே மாதம் கொத்மலை கரண்டிஎல்லவில் பஸ் பள்ளத்தில் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்ததும், அதே வருடம் செப்டம்பரில் எல்ல – வெல்லவாய பாதையில் இன்னொரு பஸ் விழுந்து 15 பேர் இறந்ததும் இப்படிப்பட்ட மலைச்சரிவுப் பாதைகளில்தான்.

மழைக்காலத்தில் தோட்டத்துப் பாதை பிரதான பாதையோடு சேரும் இடத்தில் தனிக் கவனம் வேண்டும். கொழுந்து லொறியும் டிராக்டரும் டயரில் கொண்டுவரும் செம்மண் தார்மேல் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். தூறல் விழுந்ததும் அது வழுக்கும். வளைவு முடியும் இடத்தில் அப்படி ஒரு சந்தி இருந்தால், முன்பிரேக்கைத் தொட்ட கணமே வண்டி சாயும். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் பிரேக்கைத் தொடாமல் போவதுதான் வழி. மூடுபனி இறங்கினால் லைட்டை டிம்மில் போடுங்கள். பிரைட்டில் போட்டால் பனிதான் வெளிச்சமாகத் தெரியும், பாதை தெரியாது.

ரயில் கடவையில் கேட் மூடியிருக்கும்போது இடுக்கில் நுழைவதும் 25,000 ரூபாய்க் குற்றப் பட்டியலில் இருக்கிறது. குடித்துவிட்டு ஓட்டுவதும் அதே பட்டியல். கல்யாண வீட்டுக்குப் போனால் சாவியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

2025 நவம்பர் டித்வா புயலில் மலையகப் பாதைகள் பல இடங்களில் சரிந்தன. மழை பலமாக இருக்கும் நாளில், கிளம்பும் முன் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்துப் பாதை நிலவரம் கேட்கலாம்.

6. பொலிஸ் மறித்தால்

கை காட்டினால் ஓரமாக நிறுத்தி, எஞ்சினை அணைத்து, ஹெல்மட்டைக் கழற்றுங்கள். திருப்பிக்கொண்டு ஓடுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. மலையில் பாதை ஒன்றுதான், அடுத்த சந்தியில் ஆள் நிற்பார். "வணக்கம் சேர்" என்று சொல்லி, பாஸ்போர்ட் பிரதி, அசல் லைசென்ஸ், அங்கீகாரம் பெற்ற ஐ.டி.பி., வண்டியின் இரண்டு பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் வைத்து எடுத்துக் கொடுங்கள். ஒவ்வொன்றாகப் பையில் தேடிக்கொண்டிருந்தால் அவருக்கும் பொறுமை போகும்.

சிங்களம் தெரியாவிட்டால் பயப்பட வேண்டாம். தமிழும் இந்நாட்டின் அரச கரும மொழி. "தமிழ் தெரிஞ்ச ஒருத்தரைக் கூப்பிடுங்க சேர்" என்று மரியாதையாகக் கேட்பது உங்கள் உரிமை. நிலையத்தில் வாக்குமூலம் கொடுக்க நேர்ந்தால் தமிழிலேயே கொடுங்கள். எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

லைசென்ஸ் இருக்கிறது, வீட்டில் மறந்துவிட்டு வந்தீர்கள் என்றால் அது வேறு குற்றம். தண்டப்பணம் 1,000 ரூபாய். லைசென்ஸே இல்லை என்பதுதான் 25,000. இந்த வித்தியாசத்துக்காக யாராவது "வீட்டுல இருக்கு சேர்" என்று பொய் சொல்லச் சொன்னால் கேட்காதீர்கள். "கொண்டு வந்து காட்டுங்கள்" என்று நிலையத்துக்கு வரச் சொன்னால் அங்கே பொய் வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

அங்கேயே பணத்தைக் கொடுத்து முடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சு எந்தப் பக்கமிருந்து வந்தாலும் மறுத்துவிடுங்கள். வீதியில் நிற்கும் அதிகாரிக்குத் தண்டப்பணத்தைக் கையில் வாங்கும் அதிகாரம் இல்லை. நீங்கள் நீட்டினால் லஞ்சம் கொடுத்த குற்றமும் சேரும். யாராவது கேட்டால் "தண்டப்பணப் பத்திரம் எழுதுங்க சேர், கட்டுறேன்" என்ற ஒரு வசனம் போதும். லஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

7. தண்டப்பணம் கட்டும் முறை

சின்னக் குற்றங்களுக்கு அதிகாரி உங்கள் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக்கொண்டு தண்டப்பணப் பத்திரம் எழுதிக் கொடுப்பார். 14 நாட்களுக்கு அந்தப் பத்திரமே தற்காலிக லைசென்ஸாகச் செல்லும். அதற்குள் எந்தத் தபாலகத்திலோ உப தபாலகத்திலோ கட்டி, பற்றுச்சீட்டைப் பத்திரம் எழுதிய பொலிஸ் நிலையத்தில் காட்டினால் லைசென்ஸ் திரும்பக் கிடைக்கும். 14 நாள் தாண்டினால் தொகை இரட்டிப்பு. 28 நாளும் தாண்டினால் வழக்கு.

மூன்று வாரப் பயணத்தில் வந்தவருக்கு இந்த 14 நாள் என்பது ஏமாற்றும் கணக்கு. பண்டாரவளையில் பிடிபட்டு, அடுத்த நாள் கண்டி, அதற்கடுத்து யாழ்ப்பாணம் என்று போய்விட்டால், லைசென்ஸ் வாங்க மறுபடி பண்டாரவளைக்கு ஏற வேண்டும். அன்றே கட்டிவிட்டு அந்த ஊரை விட்டுக் கிளம்புங்கள். 2025 முதல், அரசுக்கு இணையத்தில் பணம் கட்டும் கவ்பே வழியாகவும் கட்டலாம். உள்ளூர் வங்கி ஆப் வைத்திருக்கும் மச்சானையோ தங்கையையோ போனில் பிடித்தால் நின்ற இடத்திலேயே கட்டி, அதிகாரி உறுதி செய்ததும் லைசென்ஸைத் திருப்பி வாங்கலாம். இந்த வசதி வந்ததே அதற்காகத்தான்.

8. வழக்கானால்

லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியது, காப்புறுதி இல்லாதது, குடித்துவிட்டு ஓட்டியது எல்லாம் தபாலகத்தில் கட்டி முடிக்கும் விஷயமில்லை. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை, பதுளை என்று அந்தந்த இடத்து நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். கொடுத்த திகதியில் காலையிலேயே போய்விடுங்கள். அரைக் காற்சட்டை, டீ சேர்ட் வேண்டாம். வண்டி பொலிஸ் நிலையத்தில் நிற்கிறது என்றால் உரிமையாளரும் பத்திரங்களோடு கூட வர வேண்டும். இதில் மாமாவின் ஒரு நாள் பேரும் (தோட்டத்தில் ஒரு நாள் வேலைக் கணக்கு) போகும். அந்த நாளுக்குரிய சம்பளத்தையும் சட்டத்தரணிச் செலவையும் நீங்கள் ஏற்பதுதான் முறை. அவருக்கு விதிக்கப்படும் அபராதத்தையும்தான்.

விபத்து நடந்து ஆளுக்குக் காயம் என்றால் இடத்தை விட்டுப் போகாதீர்கள். இலவச அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. தூதரகத்துக்கும் சொல்லுங்கள். காயம் பெரிது என்றால் கைது, பிணை, நாட்டை விட்டுப் போகத் தடை என்று நீளும். அப்போது லைசென்ஸ் இருந்ததா இல்லையா என்பதுதான் உங்கள் நிலையைத் தீர்மானிக்கும்.

வழக்குத் திகதி உங்கள் விமானத்துக்குப் பிறகு விழுந்தால் "போய்விட்டால் யார் தேடப்போகிறார்கள்" என்று கிளம்பிவிடாதீர்கள். வராதவருக்குப் பிடியாணை பிறக்கும். அடுத்த முறை கட்டுநாயக்கவில் இறங்கும்போது அது எதிரே வரலாம், இல்லையென்றால் பைக் சொந்தக்காரரைத்தான் பொலிஸ் தேடி வரும். நீதிமன்றத்துக்கு அருகிலேயே இருக்கும் சட்டத்தரணி ஒருவரைப் பிடித்து, விமான டிக்கெட் பிரதியைக் கொடுங்கள். நகர்த்தல் பத்திரம் போட்டு வழக்கை முன்கூட்டி எடுக்கும்படி கேட்பார்கள். அபராதம் கட்டியதும் பற்றுச்சீட்டை வாங்கி இரண்டு படம் எடுங்கள். ஒன்று உங்கள் போனில் இருக்கட்டும், மற்றது வண்டிக்காரரின் போனில்.